வைத்தியர் மர்மக் கதை எழுதலாமா?

உயிரைக் காப்பது டாக்டரின் தொழில். கொலை, நஞ்சு, சதி, மர்மம் எல்லாம் கதை எழுதுகிறவர்களின் சரக்கு.

இரண்டையும் ஒருவரே கையாளலாமா? பகலில் நாடி பிடிக்கும் கை, இரவில் கொலைக் கதை எழுதலாமா?

மதுரையில் ஒரு டாக்டர் மர்ம நாவல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்?

"படித்த படிப்பு என்ன? செய்கிற வேலை என்ன?" என்பார்கள். "அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளவே பயமாக இருக்கிறது" என்று கேலி செய்கிறவர்களும் உண்டு.

கேலியை விட்டுவிடலாம். ஆனால் பெரியவர்கள் மூன்று குறைகளைச் சொல்கிறார்கள். அவற்றைத் தள்ளிவிட முடியாது.

ஒன்று: இப்படிப்பட்ட கதைகள் கெட்டவனுக்கு நஞ்சு வைக்கச் சொல்லிக் கொடுக்கும்.

இரண்டு: நம்பி வந்த நோயாளியின் ரகசியம் கதையில் வெளியாகிவிடும்.

மூன்று: நோயாளிகளைப் பார்க்க வேண்டிய நேரம் பேனாவுக்குப் போய்விடும்.

மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. டாக்டர் மர்மக் கதை எழுதலாம். எழுதவும் வேண்டும். ஆனால் ஒரு வேலியை மட்டும் தாண்டக் கூடாது.

அது என்ன வேலி? அதற்கு முன், டாக்டருக்கும் துப்பறிபவருக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யானைக்கால் சொன்ன சேதி

ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். "வயிறு வலிக்கிறது" என்கிறார்.

டாக்டர் உடனே மருந்து எழுதிவிடுவதில்லை. எப்போது வலி தொடங்கியது? என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டில் வேறு யாருக்காவது வலி உண்டா? இப்படிக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். கண்ணை விரித்துப் பார்க்கிறார். வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார்.

அவர் மனத்தில் பல காரணங்கள் இருக்கும். பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். பொருந்துவதைப் பிடித்துக்கொள்கிறார். துப்பறியும் அதிகாரியும் இதையேதான் செய்கிறார். ஒருவர் தேடுவது நோயை. மற்றவர் தேடுவது குற்றவாளியை. அவ்வளவுதான் வித்தியாசம்!

உலகமெங்கும் பெயர் பெற்ற துப்பறியும் பாத்திரம் ஷெர்லாக் ஹோம்ஸ். அந்தப் பாத்திரம் பிறந்ததே ஓர் ஆஸ்பத்திரியில்தான்.

ஹோம்ஸைப் படைத்தவர் ஆர்தர் கானன் டாயில். அவர் ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரில் வைத்தியம் படித்தார். அங்கே ஜோசப் பெல் என்ற டாக்டர் அவருக்கு ஆசிரியர். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றிப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார் பெல்.

ஒரு நாள் ஒருவர் வந்தார். பெல் அவரை முன்பின் பார்த்ததில்லை. ஆயினும், அவர் பட்டாளத்தில் இருந்தவர், அண்மையில் விலகியவர், பார்படாஸ் தீவில் வேலை பார்த்தவர் என்று பெல் சொன்னார். அத்தனையும் உண்மை!

மாணவர்கள் திகைத்தார்கள். பெல் விளக்கினார். வந்தவர் மரியாதை தெரிந்தவர். ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை. அது பட்டாளத்துப் பழக்கம். விலகி வெகுநாள் ஆகியிருந்தால் அந்தப் பழக்கம் மாறியிருக்கும். அவருக்கு வந்திருந்ததோ யானைக்கால் நோய். அது இங்கிலாந்தில் வருகிற நோய் அல்ல. மேற்கிந்தியத் தீவுகளில் வருகிற நோய்.

ஒரு தொப்பியும் ஒரு காலும் இவ்வளவு பேசின. அந்த ஆசிரியரை மனத்தில் வைத்தே டாயில் ஹோம்ஸை உருவாக்கினார். முதல் ஹோம்ஸ் கதை 1887-ம் ஆண்டு வெளிவந்தது.

டாயில் சரித்திர நாவல்களும் எழுதினார். 'மைக்கா கிளார்க்' 1889-ல் வந்தது. 'தி ஒயிட் கம்பெனி' 1891-ல் வந்தது. துப்பறியும் கதைகளைவிடச் சரித்திர நாவல்களையே அவர் உயர்வாக நினைத்தார்.

கண் டாக்டரும் கைதியும்

டாயிலின் வைத்தியப் படிப்பு கதைக்கு மட்டும் உதவவில்லை. ஒரு மனிதரின் மானத்தையும் மீட்டது.

அந்த மனிதரின் பெயர் ஜார்ஜ் எடல்ஜி. அவருடைய தந்தை பம்பாயிலிருந்து இங்கிலாந்து சென்ற பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். அங்கே ஒரு கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். மகன் ஜார்ஜ் சட்டம் படித்துத் தொழில் செய்தார்.

அந்தக் கிராமத்தில் யாரோ இரவில் வயல்களில் புகுந்து, குதிரைகளையும் மாடுகளையும் கத்தியால் கிழித்துப் போட்டார்கள். பழி எடல்ஜியின் மேல் விழுந்தது. 1903-ம் ஆண்டு அவருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 3 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே விட்டார்கள். ஆனால் குற்றவாளி என்ற பெயர் நீங்கவில்லை. வக்கீல் தொழிலும் போயிற்று.

1907-ம் ஆண்டு டாயில் அவரை ஓர் ஓட்டலில் சந்திக்கப் போனார். எடல்ஜி ஒரு பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைக் கண்ணுக்கு மிக அருகில், சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

டாயில் கண் வைத்தியமும் பயின்றவர். எட்ட நின்று பார்த்தபோதே அவருக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குக் கடுமையான கிட்டப்பார்வை! பகலிலேயே தடுமாறுகிறவர், இருட்டில் வேலி தாண்டி, வயல் கடந்து, போலீஸ் காவலையும் ஏமாற்றிக் குதிரையைத் தேடிப் போயிருக்க முடியுமா?

டாயில் பத்திரிகைகளில் எழுதினார். நாடே பேசியது. அதே ஆண்டு எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் மீண்டும் சட்டத் தொழில் செய்தார். இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கென மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்ததும் அதே 1907-ம் ஆண்டில்தான். அதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம் என்பார்கள்.

டாக்டர் மட்டுமாக இருந்தால், டாயில் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார். எழுத்தாளர் மட்டுமாக இருந்தால், அந்தக் கண்ணைக் கவனித்திருக்கவே மாட்டார். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததால் நியாயம் கிடைத்தது.

நஞ்சு சொல்லிக் கொடுக்குமா?

இனி முதல் குறைக்கு வருவோம். மர்மக் கதை கெட்டவனுக்குப் பாடமாகிவிடாதா?

இதற்குப் பதில் சொல்ல அகதா கிறிஸ்டியை விடப் பொருத்தமானவர் இல்லை. அவர் டாக்டர் அல்ல. முதல் உலக யுத்தத்தின்போது ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை செய்தார். பிறகு மருந்து கலந்து கொடுக்கும் பகுதிக்கு மாறி, அதற்கான பரீட்சையிலும் தேறினார். எந்த மருந்து எந்த அளவில் நஞ்சாகும் என்பதை அங்கே கற்றுக்கொண்டார். 1920-ம் ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் நாவலிலேயே நஞ்சுதான் மர்மம்.

1961-ம் ஆண்டு அவர் 'தி பேல் ஹார்ஸ்' என்ற நாவலை எழுதினார். அதில் தாலியம் என்ற நஞ்சு வருகிறது. அந்த நஞ்சு உடலில் சேர்ந்தால் தலைமுடி கொட்டும். கதையில் துப்புத் துலங்குவதும் அதை வைத்துத்தான்.

16 ஆண்டுகள் கழிந்தன. 1977-ம் ஆண்டு, கத்தார் நாட்டிலிருந்து 19 மாதக் குழந்தை ஒன்றை லண்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை நினைவிழந்து கிடந்தது. என்ன நோய் என்று பெரிய பெரிய டாக்டர்களுக்கும் பிடிபடவில்லை. நாளுக்கு நாள் நிலைமை மோசமாயிற்று.

குழந்தையைக் கவனித்துக்கொண்ட நர்சு ஒருவர், அந்தச் சமயத்தில் 'தி பேல் ஹார்ஸ்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் தலைமுடி கொட்டுவதைப் பார்த்தார். கதையில் படித்தது நினைவுக்கு வந்தது. டாக்டர்களிடம் சொன்னார்.

சோதித்துப் பார்த்தார்கள். தாலியம்! வீட்டில் கரப்பானையும் எலியையும் கொல்ல வைத்திருந்த மருந்தில் அந்த நஞ்சு இருந்தது. அதற்கேற்ற சிகிச்சை கொடுத்தார்கள். குழந்தை தேறியது.

கிறிஸ்டி அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார். ஆனால் அவர் எழுதிய கதை ஒரு குழந்தையைக் காப்பாற்றியது.

நஞ்சைப் பற்றிய அறிவு கெட்டவனுக்கு மட்டும் கிடைத்தால் ஆபத்து. நல்லவர்களுக்கும் கிடைத்தால், அதுவே காவல். ஆனால் எழுதுகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. நஞ்சை எங்கே வாங்குவது, எவ்வளவு கலப்பது என்று எழுதுவது பாவம். நஞ்சு உடலில் சேர்ந்தால் என்ன அடையாளம் தெரியும் என்று எழுதுவது புண்ணியம்.

கட்டுவிரியன் கதை

லண்டன் வரை போக வேண்டாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலேயே இப்படிப்பட்ட மர்மம் ஒன்று உண்டு.

தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். வாந்தி வருகிறது. "நேற்றுச் சாப்பிட்டது சேரவில்லை" என்று வீட்டார் கஷாயம் வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை கனத்துத் தொங்குகிறது. பேச்சுக் குழறுகிறது. விழுங்க முடியவில்லை. மூச்சுத் திணறுகிறது.

யார் குற்றவாளி? இரவில் வந்து போன கட்டுவிரியன் பாம்பு!

அதன் பல் சிறியது. கடித்தால் வலி தெரியாமலே போகலாம். கடித்த தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. "பாம்பு கடிக்கவில்லையே" என்று வீட்டார் நிச்சயமாகச் சொல்வார்கள். தடத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம். விஷமுறிவு மருந்து இருக்கிறது. மூச்சு நின்றாலும் செயற்கை மூச்சு கொடுத்துக் காப்பாற்றலாம்.

சுகாதார இலாகா இதைத் துண்டுப் பிரசுரமாகப் போட்டால் எத்தனை பேர் படிப்பார்கள்? ஒரு டாக்டர் இதையே மர்ம நாவலாக எழுதினால் வீடே படிக்கும். பாட்டிக்குப் பேரன் படித்துக் காட்டுவான். தொங்கிய இமை யாருக்கும் மறக்காது.

தாண்டக் கூடாத வேலி

இரண்டாவது குறைதான் மிகவும் கனமானது. நோயாளியின் ரகசியம்!

கணவனிடம் சொல்லாததை மனைவி டாக்டரிடம் சொல்கிறாள். தகப்பனிடம் மறைத்ததை மகன் டாக்டரிடம் சொல்கிறான். அந்த நம்பிக்கை கெட்டால் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார். உண்மை தெரியாவிட்டால் வைத்தியம் நடக்காது. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று இந்திய டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுக்க விதிகளும் சொல்கின்றன.

"பெயரை மாற்றி எழுதிவிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது!

மதுரை பெரிய நகரம்தான். ஆனால் பேச்சில் அது ஒரு கிராமம். மாசி வீதியில் இன்ன கடை, வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்குக் கல்யாணம் நின்றுபோயிற்று என்று எழுதிவிட்டால், பெயர் எதற்கு? படிக்கிறவர்கள் வாசலில் போய் நின்றுவிடுவார்கள். ஒரு பெண்ணின் வாழ்வு கெட்டுப்போகும். எந்த நாவலுக்கும் அந்த விலை கொடுக்கக் கூடாது.

ஆகவே வேலி இதுதான். நோயை எடுத்துக்கொள்ளலாம். நோயாளியை எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னிடம் வந்தவர் அந்தக் கதையைப் படித்து, "இது நான்தான்" என்று ஒரு வரியில்கூட நடுங்கக் கூடாது. சந்தேகம் வந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டும்.

அப்படியானால் டாக்டர் கதைக்கு எங்கே போவார்? சரித்திரத்துக்குப் போகலாம். பல நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த நோயாளிக்கு எந்தக் கெடுதலும் வராது!

மதுரையின் பழைய மர்மங்கள்

தமிழில் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி' 1895-ம் ஆண்டு வெளிவந்தது. திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப் பிள்ளை எழுதியது. அதன் நாயகனே மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதர்தான். தமிழ்ச் சரித்திர நாவல் தொடக்கத்திலேயே மதுரையைத் தேடி வந்திருக்கிறது.

டாக்டர் எழுத்தாளருக்கென்றே காத்திருக்கும் மர்மம் ஒன்றும் மதுரையில் உண்டு.

14-ம் நூற்றாண்டில் மதுரையைச் சுல்தான்கள் ஆண்டார்கள். 1344-ம் ஆண்டையொட்டி, இபின் பதூதா என்ற மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இங்கே வந்தார். அப்போது சுல்தான் கியாசுதீன். அவருடைய மனைவியும் இபின் பதூதாவின் மனைவி ஒருத்தியும் அக்கா தங்கைகள்.

அவர் மதுரைக்குள் நுழைந்தபோது நகரத்தைக் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. நோய் கண்டவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டார்கள். மிஞ்சிப் போனால் நான்காம் நாள். எங்கு பார்த்தாலும் நோயாளியும் பிணமும்தான் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நேற்று நல்ல உடம்போடு கண்ட 8 வயதுப் பையனுக்கு மறுநாள் கபன் துணி கேட்டு வந்தாள் தாய்.

சுல்தானின் தாயும் மகனும் இறந்தார்கள். பிறகு சுல்தானும் இறந்தார். அதற்கு முன்பே, ஒரு யோகி கொடுத்த இரும்புத்தூள் கலந்த மாத்திரையை அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டுச் சுல்தான் நோயில் விழுந்திருந்தார் என்றும் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

சுல்தானைக் கொன்றது கொள்ளைநோயா? இரும்பு மாத்திரையா? அந்த நோய்தான் என்ன? காலராவா? பிளேக்கா? வேறொன்றா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தகுதியுள்ளவர் யார்? டாக்டர்தானே!

இபின் பதூதாவுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. பிழைப்போம் என்ற நம்பிக்கை போயிற்று. இங்கே தாராளமாகக் கிடைக்கும் புளியை ஏறக்குறைய ஒரு ராத்தல் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் பேதியாயிற்று. பிழைத்துக்கொண்டார். இன்று யாரும் அப்படிச் செய்து பார்க்க வேண்டாம்! ஆனால் கதைக்கு எவ்வளவு ருசியான கட்டம்!

இன்னொரு மர்மம் ராணி மங்கம்மாளின் முடிவு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காதவர் இல்லை. சாலையும் சத்திரமும் அமைத்த அந்த அரசியை, கடைசியில் சொந்த அரண்மனையிலேயே அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பது செவிவழிச் செய்தி. அது உண்மையா? பட்டினி கிடக்கும் உடல் எத்தனை நாள் தாங்கும்? அதையும் ஒரு டாக்டர் எழுதினால் கதையில் உயிர் இருக்கும்.

நேரம் உண்டா?

மூன்றாவது குறை நேரம். நோயாளிகளைப் பார்க்கவே பொழுது போதாதபோது, டாக்டர் நாவல் எழுதுவது எப்படி?

வங்காளத்தில் ஒருவர் செய்து காட்டினார். அவர் டாக்டர் நீகார் ரஞ்சன் குப்தா. 1911-ல் பிறந்தவர். தோல் நோய் நிபுணர். இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாள டாக்டராக இருந்தார். கிரீட்டி ராய் என்ற துப்பறிபவரைப் படைத்து, வங்காளக் குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்தார். 1986-ல் மறையும் வரை டாக்டர் என்ற பெயரும் கெடவில்லை. எழுத்தாளர் என்ற பெயரும் கெடவில்லை.

தமிழ் மக்கள் அவர் கதையை அறியாதவர்கள் அல்ல. 1970-ம் ஆண்டு சௌகார் ஜானகி நடித்து வெளிவந்த 'காவியத் தலைவி' படத்தின் மூலக்கதை அவருடையது.

தமிழிலும் முன்னோடி உண்டு. 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி. வைத்தியப் படிப்புக்குப் பணம் இல்லாதபோது, கதை எழுதிச் சம்பாதித்துப் படித்தவர் அவர். அவருடைய 'பெண்மனம்' நாவல்தான் 1963-ல் 'இருவர் உள்ளம்' படமாயிற்று. 1984-ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. அவருக்கு எழுத்து படிப்பைக் கெடுக்கவில்லை. எழுத்துதான் படிப்பைக் கொடுத்தது!

லட்சுமி எழுதியவை குடும்பக் கதைகள். மர்மத்திலும் சரித்திரத்திலும் அப்படி ஒரு டாக்டரின் பெயர் தமிழ் வீடுகளில் இன்னும் நிலைக்கவில்லை. மதுரையில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1954-ல். எத்தனையோ டாக்டர்கள் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள். நர்சுகளும் மருந்து கொடுப்பவர்களும் அவர்களைவிட அதிகம். ஒவ்வொருவரும் மனிதரைக் கூர்ந்து பார்க்கப் பழகியவர்கள். அவர்களில் நான்கு பேர் பேனா எடுத்தால் தமிழுக்கு லாபம்.

வீட்டில் அப்படி எழுத ஆசைப்படும் டாக்டர் மகனோ நர்சு மகளோ இருந்தால், பெற்றோர் தடுக்க வேண்டாம். "ஆஸ்பத்திரி வேலையில் குறை வைக்காதே. யாருடைய ரகசியத்தையும் எழுதாதே" என்ற இரண்டை மட்டும் சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டுக் கொடுக்கட்டும்.

அவர் எழுதும் கதையை ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு தாய் படிப்பாள். ஒரு நாள் விடியற்காலையில், வயிறு வலிக்கிறது என்று அழும் பிள்ளையின் இமையை அவள் உற்றுப் பார்ப்பாள். கஷாயத்துக்கு அடுப்பு மூட்டாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்.

அந்த ஒரு பிள்ளை பிழைத்தால் போதாதா?